வானக் கண்ணுக்குத் தெரியாத குளக்கரை
ரயில் விளையாட்டுக்குள் கடையநல்லூர் மண்ணை வடிப்பது எப்படி?

கடையநல்லூரில் மேற்கு முகமாக நின்று பார்த்தால் தொடுவானம் முழுவதையும் மலை அடைத்துக்கொண்டு நிற்கும். சாயங்கால வேளையில் அதன் நீலம் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே போகும். ஆனி, ஆடி மாதங்களில் உச்சியைச் சாரல் மேகம் மூடியிருக்கும். மலைக்கும் ஊருக்கும் இடையே தென்னந்தோப்பு, நெல்வயல், குளம், குளத்தைக் காத்து நிற்கும் கரை, கரையோரம் பனைமரங்கள். சென்னைக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் பொதிகை எக்ஸ்பிரஸ் இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் போய் வருகிறது.

இந்த மலையையும் வயலையும் குளத்தையும் அப்படியே பெயர்த்து, மேஜைமேல் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட முடியுமா? முடியும் என்கிறார்கள் ரயில் விளையாட்டுப் பிரியர்கள். ஆனால் அந்த வேலையில் கையை வைத்தவர்களுக்கு ஓர் உண்மை சீக்கிரமே விளங்கிவிடும். ரயில் வண்டியைச் செய்வது பெரிய காரியமல்ல. தண்டவாளத்தைப் போடுவதும் பெரிய காரியமல்ல. அவை நிற்பதற்கு ஒரு தரை வேண்டுமே, அந்தத் தரையை உருவாக்குவதுதான் பெரிய காரியம்!

விளையாட்டா, வித்தையா?

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டுகள் இன்று பல இருக்கின்றன. எனினும் வீட்டிலிருக்கும் சாதாரண மனிதனும் தன் ஊர்ப் பாதையைத் தானே அமைத்துப் பார்க்கலாம் என்ற ஆசையைப் பலருக்கு ஊட்டியவை, 2001-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு விளையாட்டுகள். ஒன்று, மைக்ரோசாப்ட் கம்பெனி வெளியிட்ட 'டிரெயின் சிமுலேட்டர்'. இதைச் செய்து கொடுத்தது குஜூ என்னும் ஆங்கிலேய நிறுவனம். மற்றொன்று, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஆரான் நிறுவனம் உருவாக்கிய 'டிரெயின்ஸ்'.

மைக்ரோசாப்ட் விளையாட்டில் ஆறு பாதைகளை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப்பாதை ஒன்று. ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள ஹிசாத்சு மலைப்பாதை இன்னொன்று. அவற்றோடு, புதிய பாதைகளை அமைக்கும் கருவிகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த விளையாட்டைக் கம்பெனி கைவிட்டுப் பல வருஷங்களாகின்றன. ஆனாலும், உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் கூடி 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற பெயரில் இலவசமாக ஒரு புரோகிராம் எழுதினார்கள். பழைய விளையாட்டுக்காக அமைத்த பாதைகள் இன்றும் அதில் ஓடுகின்றன.

ஜப்பானிய மலைப்பாதை மேஜைமேல் வர முடியுமானால் கடையநல்லூர்ப் பாதை வர முடியாதா? விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசி செல்லும் பாதை 1927-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து செங்கோட்டை போய், அதற்கப்பால் மலையைக் குடைந்து கொல்லம் செல்லும் பாதை அதற்கும் முந்தியது, 1904-ல் திறக்கப்பட்டது. சமவெளி, குளம், கணவாய், குகை, கல் பாலம் என்று எல்லாம் உள்ள இதைப் போன்ற பாதை ரயில் விளையாட்டுக்காரர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல்!

கடையநல்லூர் இளைஞன் ஒருவன் தன் ஊரிலிருந்து செங்கோட்டை வரையுள்ள சுமார் 25 கிலோமீட்டரை அமைக்கத் துணிகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் முன்னே நிற்கும் வேலை எப்படிப்பட்டது?

நிலம் என்னும் விரிப்பு

கம்ப்யூட்டருக்கு மண் தெரியாது, கல் தெரியாது. எண்தான் தெரியும். ஆகவே இந்த விளையாட்டுகளில் நிலம் என்பது ஒரு பெரிய ஜமக்காளத்தைப் போன்றது. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மூலைக்கும் ஓர் உயரம் குறிக்கப்படுகிறது. மூலையைத் தூக்கினால் அந்த இடம் மேடாகும், இறக்கினால் பள்ளமாகும்.

மைக்ரோசாப்ட் விளையாட்டில் ஒரு துண்டு நிலம் என்பது 2,048 மீட்டர் நீளம், அதே அளவு அகலம். அதனுள் 8 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம், வரிசைக்கு 256 புள்ளிகள். ஆகமொத்தம் ஒரு துண்டுக்கு 65,536 புள்ளிகள். ஆஸ்திரேலிய விளையாட்டில் ஒரு பலகை 720 மீட்டர். ஆரம்பத்தில் அதில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி.

கடையநல்லூரிலிருந்து செங்கோட்டைக்கு நீளவாக்கில் பதின்மூன்று துண்டுகள் வேண்டும். பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு துண்டு சேர்த்தால் சுமார் நாற்பது. நாற்பது துண்டுகளுக்கு 26 லட்சம் புள்ளிகளுக்கு மேல் ஆகிறது! ஒவ்வொன்றுக்கும் உயரம் வேண்டும். கையால் ஒவ்வொன்றாக வைப்பது மனித ஆயுளில் நடக்கிற காரியமா? அதற்குத்தான் ஆகாயத்திலிருந்து உதவி வந்தது.

பதினொரு நாள் அளவை

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அமெரிக்காவின் 'எண்டெவர்' விண்கலம் புறப்பட்டது. அதன் வயிற்றில் ஒரு ராடார்க் கருவி; பக்கவாட்டில் 60 மீட்டர் நீளத்துக்கு நீட்டிய கம்பத்தின் நுனியில் இன்னொன்று. பூமிக்கு அனுப்பிய அலை திரும்பி வரும்போது இரண்டு கருவிகளிலும் சிறு வித்தியாசத்துடன் விழும். நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடுவது போல, அந்த வித்தியாசத்தைக் கொண்டு தரையின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். பதினொரே நாளில் உலக நிலப்பரப்பில் ஐந்தில் நாலு பங்கு அளந்து முடிந்தது.

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. அந்தப் பதினொரு நாட்களில் கடையநல்லூர் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மீட்டர் கேஜ் வண்டிகளே ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டருக்கு இன்று கிடைக்கும் அந்த மலை, மீட்டர் கேஜ் காலத்து மலை!

முதலில் அமெரிக்காவுக்கு மட்டும் 30 மீட்டருக்கு ஓர் அளவும், மற்ற நாடுகளுக்கு 90 மீட்டருக்கு ஓர் அளவும் வெளியிட்டார்கள். 2014-ல்தான் மற்ற நாடுகளுக்கும் 30 மீட்டர் அளவைத் திறந்துவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. இன்று அதை எவரும் காசில்லாமல் பெறலாம். அதைக் கம்ப்யூட்டருக்குள் ஊற்றினால் சில நிமிஷங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கும். முதல் தடவை பார்ப்பவனுக்கு மெய்சிலிர்க்கும். 'வேலை முடிந்தது' என்றுகூடத் தோன்றும்.

பிறகுதான் தலைவலி ஆரம்பம்.

மூன்று ஏமாற்றங்கள்

முதல் ஏமாற்றம், அளவின் இடைவெளி. 65,536 புள்ளிகளுள்ள ஒரு துண்டுக்கு, 30 மீட்டர் கணக்கில் கிடைக்கும் உண்மை அளவுகள் சுமார் 4,500-தான். அதாவது பதினான்கு பதினைந்து புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் அளந்த உயரம். மற்றவையெல்லாம் கம்ப்யூட்டர் தானே இட்டு நிரப்பிக்கொண்டவை. பழைய 90 மீட்டர் கணக்கிலோ அளந்த புள்ளிகள் ஐந்நூறு மட்டுமே!

இரண்டாவது, உயரத்தை முழு மீட்டரில்தான் குறித்திருக்கிறார்கள். 181 என்றிருக்கும், 182 என்றிருக்கும். இடையில் ஒன்றும் இராது. மலைக்கு அது போதும். சமவெளிக்குப் போதாது. 200 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும் வயல்வெளி, கம்ப்யூட்டரில் படிக்கட்டாக மாறிவிடுகிறது. தட்டையாகக் கொஞ்ச தூரம், திடீரென்று ஒரு படி, மறுபடி தட்டை. அதோடு அளவையிலேயே சில மீட்டர் பிசகு இருப்பதால், நிரவிவிட்ட நெல்வயல்கூட அம்மைத் தழும்பு போட்ட முகமாகத் தெரியும்.

மூன்றாவது, ராடாருக்கு மரமும் மண்ணும் ஒன்றுதான். அடர்ந்த காட்டின் மேல் விழுந்த அலை தரை வரை முழுதாக இறங்குவதில்லை. இலைக்கூட்டத்திலேயே பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. ஆகவே காடு தொடங்கும் இடத்தில் இல்லாத ஒரு திண்ணை முளைக்கும். அதன்மேல் விளையாட்டுக்காரன் மரங்களையும் நட்டால் காடு இரட்டை உயரமாகிவிடும்!

இந்த மூன்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடையநல்லூர்ச் சமவெளியில் கண்ணுக்கு முதலில் படுவது எது? குளக்கரை. அடிப்பாகம் நாற்பது அடி, உயரம் பத்துப் பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொண்டாலும், 30 மீட்டருக்கு ஒரு தடவை கண் திறந்து பார்க்கிற ராடாருக்கு அது சரியாக எங்கே தெரியப்போகிறது? தண்ணீர் தெரியும், தண்ணீரைத் தாங்கும் கரை தெரியாது. ஊரையே வாழவைக்கும் கரை, கம்ப்யூட்டர் நிலத்தில் காணாமற் போய்விடுகிறது. ரயில் பாதையின் மண் மேட்டுக்கும் அதே கதிதான்.

மஞ்சள் பலகை சொல்லும் கணக்கு

அப்படியானால் வழி என்ன? வழி ரயில்வேயிலேயே இருக்கிறது.

ரயில் நிலையத்தின் இரு கோடியிலும் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பெயருக்குக் கீழே, கடல் மட்டத்துக்கு மேல் அந்த நிலையம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் பல பலகைகளில் எழுதியிருக்கும். வெற்றிலை போட்டுக்கொண்டே வண்டிக்குக் காத்திருப்பவர் அதைக் கவனிப்பதில்லை. பாதை அமைப்பவனுக்கோ அது பொன்னான எண். தரையில் நின்று அளந்த உயரம் அல்லவா அது!

இரண்டு நிலையங்களுக்கு இடையிலும் சும்மா விடவில்லை. பாதையின் ஏற்றம் எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு சிறு கம்பம் நட்டு, நூறுக்கு ஒன்று, இருநூறுக்கு ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நூறுக்கு ஒன்று என்றால் நூறு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். கிலோமீட்டர்க் கல்லையும் இந்தக் கம்பத்தையும் பாலங்களின்மேல் எழுதிய எண்ணையும் குறித்துக்கொண்டால், பாதையின் ஏற்ற இறக்கம் முழுவதையும் காகிதத்தில் போட்டுவிடலாம். குறித்துக்கொள்வதற்குத் தண்டவாளத்தில் நடக்கவேண்டியதில்லை, நடக்கவும் கூடாது. பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாலைந்து தடவை போய் வந்தால் போதும்.

இதற்குப் பிறகு வேலையின் முறையே தலைகீழாகிறது. நிலத்தை முதலில் போட்டு, அதன்மேல் தண்டவாளத்தை ஓட்டக்கூடாது. அப்படி ஓட்டினால் படிக்கட்டு நிலத்தில் வண்டி குதிரைபோலத் துள்ளும். தண்டவாளத்தை அதன் உண்மையான உயரத்தில் அந்தரத்தில் போட்டுவிட்டு, நிலத்தை அதற்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். நிலம் தாழ்ந்திருந்தால் மண் மேடு, உயர்ந்திருந்தால் வெட்டு. நூறு வருஷங்களுக்கு முன் கூடை கூடையாக மண் சுமந்து நம் மக்கள் செய்த அதே வேலை. மண்வெட்டிக்குப் பதில் இங்கே சுண்டெலிக் கருவி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புள்ளிகள் எட்டு மீட்டருக்கு ஒன்றாக நேர்வரிசையில் நிற்கின்றன. பாதையோ குளக்கரையோ அந்த வரிசைக்குக் கோணலாகப் போனால், ஒரு புள்ளி கரைமேல் விழும். அடுத்தது கரைக்கு வெளியே விழும். பார்த்தால் கரையின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும். அனுபவசாலிகள் இதற்கு நிலத்தை நம்புவதில்லை. கரையைத் தனி உருவமாகச் செய்து கொண்டுவந்து நிலத்தின்மேல் பதித்துவிடுகிறார்கள். கிட்டத்தில் உள்ளதற்குக் கை வேலை. தூரத்தில் உள்ளதற்கு ராடார் அளவு. ஜன்னலிலிருந்து நூறு கஜத்துக்குள் உள்ளதில் காட்டும் சிரத்தைதான் பார்ப்பவரை நம்பவைக்கிறது.

மறுகால் சொல்லும் பாடம்

குளத்துக்கு வருவோம். மைக்ரோசாப்ட் விளையாட்டில் தண்ணீருக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. ஒரு துண்டு நிலத்துக்குத் தண்ணீர்ப் பரப்பும் ஒன்றுதான். அகன்ற ஏரி உள்ள நாட்டுக்கும் அமைதியாக ஓடும் ஆற்றுக்கும் அது சரி. கடையநல்லூருக்குச் சரிப்படுமா? இரண்டு கிலோமீட்டர்ச் சதுரத்துக்குள் இங்கே இரண்டு குளம் இருக்கும், மூன்றும் இருக்கும். ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்தது பெருகும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில் நிற்கும். ஒரே மட்டத்தில் தண்ணீர் வைத்தால் கீழ்க்குளம் கரை கடந்து வயலை மூழ்கடிக்கும்; அல்லது மேல்குளம் வறண்டு கிடக்கும்.

ஆகவே நம் இளைஞன் ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனியே தண்ணீர்த் தகடு செய்து வைக்கவேண்டும். எந்தத் தகட்டை எந்த உயரத்தில் வைப்பது? ராடார் அளவில் சில மீட்டர் பிசகு உண்டு; குளத்துக்குக் குளம் வித்தியாசமும் சில மீட்டர்தான். கீழ்க்குளம் மேலாகவும் மேல்குளம் கீழாகவும் வந்துவிடலாம்!

இந்தச் சிக்கலை அவிழ்க்க வல்லவர் விண்வெளியில் இல்லை. குளக்கரையில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலமெல்லாம் மடை திறந்து நீர் பாய்ச்சிய பெரியவரிடம் போய், "தாத்தா, இந்தக் குளம் நிறைஞ்சா தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். "கீழக் குளத்துக்குத்தாம்லே போகும், மேட்டுக்கா ஏறும்?" என்று பதில் வரும். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு குளங்களின் உயர வரிசை அடங்கியிருக்கிறது. எது எதற்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டே போனால், கருப்பாநதி அணைப் பக்கத்திலிருந்து கடைசிக் குளம் வரை நிலத்தின் சரிவு தானாகவே கைக்கு வந்துவிடும். மட்டம் பார்க்கும் கருவி பரவாத நாளில், ஓடுகிற தண்ணீரையே மட்டமாகக் கொண்டு அமைத்த சங்கிலி அது.

அரசாங்க சர்வே வரைபடமும் இதற்குக் கை கொடுக்கும். 1802-ல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் துரை அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வாரிசு இந்திய சர்வே இலாகா. அதன் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள படங்களில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடுதான் வரும். குளக்கரை அதில் சிக்காது. ஆனால் பல இடங்களில் கரைக்குப் பக்கத்தில் '3' என்றோ '4' என்றோ போட்டு, அருகே ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்து இட்டிருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து அல்ல, பக்கத்துத் தரையிலிருந்து கரை அத்தனை மீட்டர் என்று அதற்கு அர்த்தம். சர்வேக்காரர் நடந்து வந்து பார்த்து எழுதிய எண் அது.

கொழுக்கட்டை மலை

புதிதாக இவ்வேலைக்கு வருபவர்கள் செய்யும் இன்னொரு பிழை மலையில். மேடு ஆக்கும் கருவியை ஓரிடத்தில் வைத்து அழுத்தினால் நிலம் வீங்கிக்கொண்டே வரும். பத்து இடத்தில் அழுத்தினால் பத்து மலை! பார்த்தால் தட்டில் கொழுக்கட்டை பிடித்து வைத்தாற்போல இருக்கும். அதில் என்ன தவறு என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மலை அல்ல என்று மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மலையைச் செதுக்கியது மழை. ஆகவே உயரத்தை வைப்பதற்கு முன் ஓடையை வெட்டவேண்டும். உச்சியில் தொடங்கும் சிற்றோடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய ஓடையாகி அடிவாரத்துக்கு இறங்கவேண்டும். இரண்டு ஓடைகளுக்கு நடுவே மிஞ்சி நிற்பதுதான் மலைமுதுகு. இப்படிச் செய்தால் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மடிப்பு மடிப்பாக நிழல் விழும். கடையநல்லூர்க்காரன் அதைப் பார்த்து, 'அட, நம்ம மலை!' என்பான்.

நிறத்திலும் கவனம் வேண்டும். செங்குத்துப் பாறையில் மரம் வைக்கக்கூடாது. கிழக்குப் பக்கத்து அடிவாரத்தில் முள்ளும் புதருமான வறண்ட காடு. மேலே போகப் போகப் பசுமை. தென்காசியை நெருங்கும்போது காசி விசுவநாதர் ஆலயத்தின் ராஜகோபுரம் வயல்வெளிக்கு அப்பால் தெரியவேண்டும். 1990-ல் மீண்டும் எழுந்த அந்தக் கோபுரம் சுமார் 180 அடி. பின்னணியில் நிற்கும் குற்றாலமலைக்கு முன் கோபுரம் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதைக் கொண்டே மலையின் உயரம் சரியா என்று சோதித்துக்கொள்ளலாம்.

கணவாய்க்கு அப்பால்

செங்கோட்டையோடு நிற்காமல் மேற்கே போக ஆசைப்பட்டால் இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. பகவதிபுரத்தைத் தாண்டியதும் வண்டி குகைக்குள் நுழைகிறது. வெளியே வந்தால் ஆரியங்காவு. இந்தப் பக்கம் காற்றும் வெயிலும், அந்தப் பக்கம் ஈரமும் பச்சையும். ஆனால் விளையாட்டு நிலம் ஒரே விரிப்பு என்பது நினைவிருக்கட்டும். ஓரிடத்துக்கு ஓர் உயரந்தான் உண்டு. மேலே மலை, உள்ளே பாதை என்று இரண்டு உயரம் வைக்க இடமில்லை. எனவே குகை வாயிலில் விரிப்பைக் கிழித்து, கிழிசலை மறைக்கக் கல் வளைவு ஒன்றைச் செய்து பொருத்தி, உள்ளே தனியாக ஒரு குழாயைச் செருகவேண்டும். கிழிசல் ஓர் அடி வெளியே தெரிந்தாலும் ஆகாயம் எட்டிப் பார்க்கும்!

பாலமோ இதற்கு நேர்மாறு. கழுதுருட்டி அருகே பதின்மூன்று வளைவுகளுடன் நிற்கும் கல் பாலத்துக்கு, நிலத்தை ஆற்றோடும் சாலையோடும் கீழே தாழ்த்திவிட்டுப் பாலத்தை மேலே வைத்துவிடலாம். ஆனால் அந்தக் குறுகிய பள்ளத்தாக்கு ராடார் அளவில் பாதி தூர்ந்துபோயிருக்கும். முப்பது மீட்டர் கண்ணுக்கு இடுக்குத் தெரியாது. படத்தையும் பார்த்தவர் சொல்லையும் வைத்துத்தான் அதைத் தோண்டி எடுக்கவேண்டும்.

நாளை கேட்டால் கிடைக்குமா?

எல்லாம் சரி, இவ்வளவு பாடுபட்டு ஒரு விளையாட்டா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

கடையநல்லூர்ப் பாதை 2004-ல் அகலப் பாதையாயிற்று. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே, மலைக்குள் செல்லும் சுமார் 49 கிலோமீட்டர்ப் பாதையில் 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டி நின்றது. 2018-ல் அகலப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. பாலங்களைப் பலப்படுத்தினார்கள், குகைகளைப் புதிய பாதைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். நல்லதுதான், பிரயாணிகளுக்குச் சௌகரியந்தான். ஆனால் நூறு வருஷங்களுக்கு மேலாக ஓடிய அந்த ஒரு மீட்டர் அகலப் பாதை எந்தக் கல்லை ஒட்டி வளைந்தது, எந்த வெட்டில் ஜன்னலுக்குக் கைநீட்டும் தூரத்தில் பாறை வந்தது, எந்த நிலையத்தில் தண்ணீர்த் தொட்டி நின்றது என்பதெல்லாம் இன்று தரையில் முழுமையாக இல்லை. அந்தப் பாதையில் ஓட்டுநராகவும் கார்டாகவும் கேங்மேனாகவும் வேலை பார்த்தவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

புகைப்படம் ஓர் இடத்தைக் காட்டும். வரைபடம் மேலிருந்து காட்டும். மேடு பள்ளத்தோடு அமைத்த பாதை ஒன்றுதான், இந்த வளைவுக்கு அப்புறம் அந்தப் பாலம், அந்தப் பாலத்துக்கு அப்புறம் இந்தக் குகை என்று ஒரு பிரயாணத்தையே மறுபடி காட்டவல்லது. அதற்கு வேண்டிய மலை 2000-ஆம் ஆண்டே அளந்து வைக்கப்பட்டுவிட்டது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் ஞாபகம் அப்படியல்ல. கேட்கத் தாமதித்தால் கிடைக்காது.

குளக்கரையும் அப்படித்தான். எது எதற்கு மறுகால் கொடுத்தது என்று தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஓடைக்கால் தூர்ந்துபோய், அதன்மேல் வீடு எழுந்துவிட்டால் வழியே மறந்துபோகும். மழை பெய்தால் மட்டும் தண்ணீருக்கு அது ஞாபகம் வரும். அப்போது வீட்டுக்காரர் தவிப்பார். ரயில் விளையாட்டுக்காகவாவது ஓர் இளைஞன் அந்த வழியை எழுதி வைத்தால், அது விளையாட்டோடு நிற்கிற லாபமல்ல.

ஆகவே இந்த வேலையில் ஆசையுள்ள பிள்ளைகள் முதல் நாளே கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஓர் அளவு நாடா எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போகட்டும். கரையின் உயரத்தை அளக்கட்டும். அங்கே இருக்கும் பெரியவர் ஒருவரிடம் தண்ணீர் போகும் வழியைக் கேட்டு எழுதட்டும். திரும்பும் வழியில் பழைய ரயில்வேக்காரர் எவர் வீடாவது இருந்தால், திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளட்டும். மலை எங்கும் போய்விடாது. அதைச் சாயங்காலம் வந்து போட்டுக்கொள்ளலாம்.